மூழ்கிய கப்பலும் மூன்று அமானிதங்களும்

 

சில ஆண்டுகளுக்கு முன்னர் 19 வயது இளைஞர் ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை நடத்தும் பொறுப்பு எனக்கு ஏற்பட்டது. நல்ல பிள்ளை, தொழுகையாளி, மீனைப் போல நீந்தக் கூடியவர். கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில், ஐந்து பாகம் ஆழத்தில், பழைய கப்பல் ஒன்று மூழ்கிக் கிடந்தது. விடுமுறை நாளில் நண்பர்கள் மூவருடன் அங்கே சென்றார். முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் அணிந்து, கையில் மீன் குத்தும் ஈட்டியுடன் மூச்சடக்கிச் சுழியோடினார். நண்பர்கள் படகில் இருந்தவாறு அகப்பட்ட மீன்களைக் கழுவிக் கொண்டிருந்தார்கள். அவர் மேலே வரவில்லை என்பதைக் கவனித்தபோது காலம் கடந்திருந்தது. கடல் அன்று குளத்தைப் போல அமைதியாக இருந்தது.

அடக்கம் முடிந்து மக்கள் கலைந்த பின்னர், அவருடைய வாப்பா என் கையைப் பற்றிக் கொண்டு கேட்டார்: "ஹஸ்ரத், என்ட மகன் ஷஹீதா? விளையாட்டாகப் போய் மௌத்தானவனுக்கும் அந்தக் கூலி உண்டா?"

அக்கேள்விக்கான பதிலை இக்கட்டுரையின் இறுதியில் எழுதுகின்றேன். அதற்கு முன் கேட்கப்பட வேண்டிய வேறு சில கேள்விகள் உள்ளன. மூழ்கிய கப்பலைச் சூழ நீந்துவதும் மீன் வேட்டையாடுவதும் நம் கரையோர இளைஞர்களிடையே பரவி வரும் பொழுதுபோக்கு. மார்க்கம் இதனை எவ்வாறு நோக்குகிறது? இதில் இறங்குபவர் மீது என்னென்ன கடமைகள் உண்டு?

கடல் ஓர் அருட்கொடை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இஸ்லாம் கடலை மூடி வைத்த மார்க்கமன்று. மனிதன் புத்தம்புதிய இறைச்சியை உண்பதற்காகவும், அணியும் ஆபரணங்களை வெளியெடுப்பதற்காகவும் கடலைத் தானே வசப்படுத்தித் தந்திருப்பதாக அல்லாஹு தஆலா அந்நஹ்ல் அத்தியாயத்தில் அறிவிக்கின்றான் (16:14). கடல் வேட்டையும் அதன் உணவும் ஹலாலாக்கப்பட்டிருப்பதை அல்மாஇதா அத்தியாயம் கூறுகின்றது (5:96). கடல் நீரால் வுளூச் செய்யலாமா என்று கேட்ட தோழருக்கு, அதன் நீர் தூய்மையானது என்பதுடன் அதில் இறந்ததும் ஹலால் என்று நபி (ஸல்) அவர்கள் சேர்த்துப் பதிலளித்தார்கள் (அபூதாவூத், திர்மிதீ, நஸாஈ, இப்னுமாஜா).

ஆகவே ஈட்டியால் குத்தப்பட்ட மீனை அறுக்க வேண்டியதில்லை. நீருக்குள்ளேயே அது உயிர் துறந்தாலும் உண்ணலாம். ஹனஃபி மத்ஹபில் காரணமின்றித் தானாக இறந்து மிதக்கும் மீனைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஈட்டியால் இறந்த மீனுக்கு அச்சட்டம் பொருந்தாது. நீச்சல் கற்பதை வீண் விளையாட்டுக்களில் சேராத நற்காரியங்களுள் ஒன்றாக எண்ணிய ஹதீஸையும் இமாம் நஸாஈ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள்.

மூழ்கிய கப்பலில் மீன்கள் ஏன் இவ்வளவு திரள்கின்றன? வெறும் மணற்பரப்பில் பவளமும் சிப்பியும் பற்றிப் பிடிக்க இடமில்லை. சிறு மீன் ஒளிந்து கொள்ளப் பொந்தும் இல்லை. அங்கே கப்பல் ஒன்று விழுந்தால் அதன் இரும்பும் மரமும் கற்பாறையைப் போலாகி விடுகின்றன. முதலில் பாசி படர்கிறது. பின்னர் சிப்பிகளும் பவளங்களும் ஒட்டுகின்றன. அவற்றை மேயச் சிறு மீன்களும், சிறு மீன்களைத் தேடிப் பெரிய மீன்களும் வருகின்றன. மனிதர் சிலரின் செல்வம் அழிந்த இடத்தையே ஆயிரமாயிரம் உயிர்களின் இல்லமாக அல்லாஹ் மாற்றுகின்றான். சிந்திப்போருக்கு இதில் அத்தாட்சி உண்டு.

எனினும், ஹலாலான ஒன்று பொறுப்பற்றதாகி விடாது. அங்கே செல்பவரிடம் மூன்று அமானிதங்கள் ஒப்படைக்கப்படுகின்றன: அவருடைய மூச்சு, அவர் வேட்டையாடும் உயிர், பிறருக்குச் சொந்தமான உடைமை.

முதல் அமானிதம்: மூச்சு

அந்த இளைஞர் நன்றாக நீந்தத் தெரிந்தவர். அன்று அலையும் இல்லை. பிறகு ஏன் இறந்தார்? இதனை நான் கடற்படையில் சுழியோடியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் விளக்கியதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

மூச்சை அடக்கும்போது "இனி முடியாது, மூச்சு விடு" என்று நம்மை நெருக்குவது பிராணவாயுவின் குறைவு அன்று. உடலில் சேரும் கரியமிலவாயுதான் அந்த எச்சரிக்கையைத் தருகிறது. நீண்ட நேரம் நீருக்குள் இருக்க விரும்பும் இளைஞர்கள், இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பல தடவை மூச்சை இழுத்து விடுகிறார்கள். இதனால் பிராணவாயு பெரிதாகக் கூடுவதில்லை, கரியமிலவாயுதான் குறைகிறது. அதாவது, எச்சரிக்கும் காவலாளியை அவர்களே வெளியே அனுப்பி விடுகிறார்கள். உள்ளே பிராணவாயு தீர்ந்து கொண்டே போகும். எந்த நெருக்கமும் தெரியாது. திடீரென நினைவு தப்பி விடும்.

ஆழத்திலிருந்து மேலே வரும் நேரமே அதிக ஆபத்தானது. 10 மீட்டர் ஆழத்தில் உடல் மீதுள்ள அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் இரு மடங்கு. அந்த அழுத்தத்தால் நுரையீரலில் மீதமுள்ள சிறிதளவு பிராணவாயுவும் இரத்தத்திற்குள் செல்கிறது. மேலே வர வர அழுத்தம் குறைந்து, அதுவும் போதாமலாகி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, அல்லது மேற்பரப்பை அடைந்த பின்னரும் கூட, மனிதன் மயங்கி விடுகின்றான். கை கால்களை அடிப்பதில்லை, கூப்பிடுவதில்லை, சத்தமின்றி மூழ்கி விடுகின்றான். பல தடவை சுழியோடிக் களைத்தவருக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம்.

இதற்குப் பரிகாரம் எளிமையானது. ஒருபோதும் தனியே இறங்கக் கூடாது. ஒருவர் கீழே சென்றால் மற்றவர் மேலே இருந்து அவரையே பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். மேலே வந்தவர் குறைந்தது 30 வினாடிகள் சீராக மூச்சு விடும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. வேகமாக மூச்சு வாங்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். ஒவ்வொரு முறையும் கீழே இருந்த நேரத்தை விட அதிக நேரம் மேலே ஓய்வெடுக்க வேண்டும். காதில் வலி தோன்றினால் மேலும் இறங்கக் கூடாது. கப்பலின் அறைகளுக்குள் நுழையவே கூடாது. துருவேறிய தகடுகளும், சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளும், கல்லைப் போலவே தோன்றும் நச்சு முள் மீன்களும் அங்கே உண்டு. மூச்சடக்கியிருப்பவருக்கு அங்கே வழி தேட அவகாசம் கிடையாது. ஈட்டி ஏந்தியவர் அதன் முனையை ஒருபோதும் தோழரை நோக்கித் திருப்பக் கூடாது. நீருக்கு வெளியே அதனை எய்வதற்குத் தயாராக வைத்திருக்கவும் கூடாது.

இவை மார்க்கத்திற்கு வெளியே உள்ள உலக விஷயங்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக் கொள்ளாதீர்கள் என்ற இறைக் கட்டளை (2:195) இங்கே பொருந்தாவிட்டால் வேறெங்கே பொருந்தும்? தனிமையில் உள்ள ஆபத்தைத் தாம் அறிந்திருப்பது போல் மக்கள் அறிந்திருந்தால் எவரும் இரவில் தனியே பயணம் செய்ய மாட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி). தரையில் பயணிப்பவருக்கே துணை வேண்டுமெனில், மூச்சு விட முடியாத இடத்துக்குச் செல்பவருக்குத் துணை எவ்வளவு அவசியம்! ஒட்டகத்தைக் கட்டி விட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி கூறிய நபிமொழி (திர்மிதீ) நமக்கு நன்கு தெரிந்ததே. நீருக்குள் இருப்பவரின் ஒட்டகம், மேலே இருந்து பார்க்கும் தோழரின் கண்தான்.

இரண்டாம் அமானிதம்: உயிர்

உயிருள்ள எதனையும் அம்பெய்யும் இலக்காக ஆக்காதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் (முஸ்லிம்). உரிமையின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியைப் பற்றிக் கூட மறுமையில் விசாரணை உண்டு என்றும், அதன் உரிமை யாதெனில் அதனை அறுத்து உண்பதே என்றும் வந்துள்ளது (நஸாஈ). இவ்விரு ஹதீஸ்களையும் இணைத்துப் பார்த்தால் வேட்டைக்கும் விளையாட்டுக்கும் இடையிலான கோடு தெளிவாகிறது. உண்பதற்காகக் குத்தினால் அது ரிஸ்க் தேடுதல். குறி பார்க்கும் திறமையைக் காட்டவும், புகைப்படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பவும் குத்தி விட்டு மீனை எறிந்தால், அது உயிரொன்றை இலக்காக்கிய பாவம்.

ஈட்டி வேட்டைக்கு ஒரு சிறப்பு உண்டு. அதுவே ஒரு சோதனையும் ஆகும். வலை வீசுபவருக்கு எது அகப்படும் என்று தெரியாது. ஈட்டி ஏந்தியவரோ கண்ணால் பார்த்து, தேர்ந்தெடுத்துக் குத்துகிறார். தேர்வு அவருடையது என்பதால் பொறுப்பும் அவருடையதே. கலவாய் மீன் வகைகள் பலவற்றை அல்லாஹ் வியப்பாகப் படைத்துள்ளான்; அவை பெண்ணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்து பெரிதான பின்னரே ஆணாக மாறுகின்றன. பெரிய மீனையே தேடித் தேடிக் குத்தினால் அந்தப் பாறையில் ஆண் மீன் அற்றுப் போய் விடும். கிளிமீன் பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று பவளத்தைக் காக்கிறது. அது இல்லாவிட்டால் பாசி பவளத்தை மூடி விடும். மூழ்கிய கப்பல் ஒரு சிறு வட்டாரம். ஓடியொளியும் மீனெல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் ஒளிகிறது. சில வாரங்களில் சில இளைஞர்கள் அதனை வெறுமையாக்கி விடலாம். அதனை நம்பிச் சிறு தோணியில் தூண்டில் போடும் ஏழை மீனவர் வெறுங்கையுடன் திரும்புவார். மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் படகு, கடலில் உழைத்து வாழ்ந்த ஏழைகளுடையது என்று குர்ஆன் குறிப்பிட்டுச் சொல்கிறது (18:79). கடலில் உழைக்கும் ஏழையின் பங்கை மறந்து விடக் கூடாது.

எல்லாக் காரியங்களிலும் இஹ்ஸானை, அதாவது செம்மையை, அல்லாஹ் விதித்துள்ளான் (முஸ்லிம்). எனவே குத்திய மீனைத் துடிக்க விட்டுக் கோத்து இழுத்துச் செல்லாமல் உடனே அதன் உயிரைப் போக்கி விட வேண்டும். முட்டையிடும் காலத்திலும் மிகச் சிறியதாக இருக்கும்போதும் விட்டு விட வேண்டும். வீட்டுக்குப் போதுமான அளவுடன் நிறுத்திக் கொள்ள வேண்டும்.

நாட்டின் சட்டமும் இங்கே வருகிறது. அண்டை நாடான மாலைதீவில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட நிலாவெளி புறாத்தீவைச் சூழ நீந்திப் பார்க்கலாம். எதனையும் பிடிக்க முடியாது. பிற இடங்களிலும் கடற்றொழில் சட்டம் கருவிகளையும் காலங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஈட்டியை வாங்குவதற்கு முன் கடற்றொழில் அலுவலகத்தில் கேட்டறிவது அவசியம். பொது நன்மைக்காக ஆட்சியாளர் ஒன்றைத் தடுக்கும்போது, "மார்க்கத்தில் ஹலால்தானே" என்று வாதிடுவது முஃமினுக்கு அழகன்று.

மூன்றாம் அமானிதம்: பிறர் உடைமை

கடலுக்கு அடியில் கிடப்பது கேட்பாரற்ற பொருள் என்று பலரும் நினைக்கின்றனர். இதற்கு நம் தீவிலேயே ஒரு வரலாறு உண்டு. கிரிந்த கரைக்கு அப்பால், மகா இராவணன் கோட்டை எனப்படும் பாறைத் தொடரில் 1873ஆம் ஆண்டு முதல் ஒரு வெளிச்சவீடு நிற்கிறது. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட சில வாரங்களில் மட்டுமே அங்கே கடல் அடங்கும். 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் மைக் வில்சன் என்ற சுழியோடி, ஆழம் குறைந்த அந்தப் பாறையடியில் பீரங்கிகளையும் வெள்ளி நாணயக் கட்டிகளையும் கண்டார். அவருடைய தோழரான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இது பற்றி 1964இல் ஒரு நூலை வெளியிட்டார்.

அந்த நாணயங்கள் யாருடையவை தெரியுமா? முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் ஆலம்கீர் (ரஹ்) அவர்களின் பெயரால் சூரத் நகரில், ஹிஜ்ரி 1113இல், அதாவது 1702ஆம் ஆண்டளவில், அச்சிடப்பட்ட ரூபாய்கள். கைமாறும் இடங்களில் கலிமாவுக்கு அவமரியாதை நேரக் கூடாது என்பதற்காக, நாணயங்களில் கலிமாவைப் பொறிப்பதைத் தம் ஆட்சியின் தொடக்கத்திலேயே நிறுத்தியவர் அவர். அன்று ஹஜ்ஜுக்குச் செல்வோர் கப்பலேறும் துறைமுகமாக, மக்காவின் வாசல் என்ற பெயருடன் விளங்கியது சூரத். பைபையாகக் கட்டப்பட்டிருந்த அந்த வெள்ளி, உப்பு நீரில் இறுகி, பையின் வடிவத்திலேயே கட்டியாகி இருந்தது. அக்கப்பலின் பெயர் இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் ஒவ்வொரு பைக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருந்தார். அவர் கொடுக்க வேண்டிய கடனும், அவரை எதிர்பார்த்திருந்த குடும்பமும் இருந்திருக்கும்.

மூழ்கிய கப்பலின் பொருள் குறித்து நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளார்கள். உரியவர்கள் கைவிட்ட பின் சுழியோடி எடுத்தவருக்கே அது சொந்தம் என்பது ஹஸன் பஸரி (ரஹ்) போன்றோரின் கருத்து. கப்பல் உடைந்ததால் உரியவரின் உடைமை நீங்கி விடாது என்பது இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோரின் கருத்து. இரண்டையும் இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் தமது அல்முக்னீயில் எடுத்துரைக்கின்றார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, உரியவரோ அவருடைய வாரிசோ அறியப்படாவிட்டால் அது பொதுச் சொத்தாகப் பாதுகாக்கப்பட வேண்டும். அண்மையில் மூழ்கிய படகின் இயந்திரமும் நங்கூரமும் பித்தளைச் சாமான்களும் உரிமையாளருக்கே சொந்தம் என்பதில் சந்தேகமே இல்லை. அவற்றைக் கழற்றி விற்பது திருட்டு.

பழைய கப்பல்களோ மனித சமுதாயத்தின் அறிவுச் செல்வம். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பல், சில மீட்டர் ஆழத்திலேயே கிடந்தது. 2001 முதல் ஆய்வாளர்கள் அதனை அங்குலம் அங்குலமாக அகழ்ந்து ஆராய்ந்தனர். மீட்ட பொருட்கள் பலவற்றை 2004ஆம் ஆண்டின் சுனாமி கொண்டு சென்றது. எனினும் அவர்கள் வரைந்து, அளந்து, எழுதி வைத்த அறிவு மிஞ்சியது. ஓர் இளைஞர் நினைவுச் சின்னமாக ஒரு பீங்கான் துண்டை எடுத்து வந்து அலுமாரியில் வைத்தால் அந்த அறிவு அத்துடன் அழிந்து விடும். நூறாண்டுகளுக்கு மேல் நீரில் கிடக்கும் சின்னங்களை இருந்த இடத்திலேயே பாதுகாப்பதற்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கையும் கூறுகிறது. மேலும், கப்பலுடன் மனிதர்களும் மூழ்கியிருப்பின் அது அவர்களின் கப்று. மய்யித்தின் கண்ணியம் தரையில் மட்டும் உரியதன்று.

கடலையும் அமானிதத்தையும் இணைக்கும் அழகிய நிகழ்ச்சி ஒன்றை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். பனூ இஸ்ராயீல்களில் ஒருவர் அல்லாஹ்வையே சாட்சியாக்கி ஆயிரம் தீனார் கடன் பெற்றார். தவணை நாளில் கடலைக் கடக்கக் கப்பல் கிடைக்கவில்லை. ஒரு மரக்கட்டையைக் குடைந்து, பணத்தையும் கடிதத்தையும் உள்ளே வைத்து, அல்லாஹ்விடம் ஒப்படைத்துக் கடலில் விட்டார். அது கடன் கொடுத்தவரின் கைக்கே போய்ச் சேர்ந்தது. பின்னர் நேரில் வந்து மீண்டும் ஆயிரம் தீனாரை நீட்டியபோது, அது ஏற்கனவே வந்து விட்டது என்று கூறி அதனை வாங்க மறுத்தார் மற்றவர். இருவருக்கும் சாட்சி யாருமில்லை, அல்லாஹ்வைத் தவிர. நீருக்கடியில் தனித்திருக்கும் இளைஞருக்கும் அதே சாட்சிதான்.

அந்த வாப்பாவுக்குச் சொன்ன பதில்

நீரில் மூழ்கி இறந்தவரை ஷஹீத்களில் ஒருவராக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் (புகாரி, முஸ்லிம்). அவர் மறுமையின் கூலியில் ஷஹீத். எனவே குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுகை நடத்தி அடக்கம் செய்கின்றோம். கடல் கொந்தளிக்கும் நேரத்தில் தெரிந்தே இறங்குபவரை விட்டும் பொறுப்பு நீங்கி விடுவதாக எச்சரிக்கும் ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் உள்ளது. அதனால் உயிர் தப்புவது அரிது எனத் தெரிந்தும் பாவமாகக் கடலில் சென்றவருக்கு இச்சிறப்பு இல்லை என்று நம் மத்ஹபின் அறிஞர்கள் விதிவிலக்களித்துள்ளார்கள். "உங்கள் மகன் அமைதியான கடலில், ஆகுமான காரியத்தில், ஆபத்தை அறியாமல் இறங்கியவர். அல்லாஹ்வின் ரஹ்மத்தில் அந்தக் கூலியை ஆதரவு வையுங்கள்" என்றே அவருக்குச் சொன்னேன். அவர் அழுதார், நானும் அழுதேன்.

ஆனால் வாசகர்களே, "ஆபத்தை அறியாமல்" என்ற அந்தச் சலுகை, இக்கட்டுரையைப் படித்து முடித்த உங்களுக்கு இனி இல்லை. படகில் இருந்த அந்த மூன்று நண்பர்களில் ஒருவர் இன்றும் என்னிடம் வந்து, "நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால்..." என்று சொல்லி வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிற்கின்றார். அந்த வாக்கியம் உங்கள் வீட்டில் ஒலிக்க வேண்டாம்.

பெற்றோர்களே! கடலுக்குப் போகாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். கடலோரத்தில் பிறந்த பிள்ளை எப்படியும் போகும். யாருடன் போகிறாய், மேலே இருந்து உன்னைப் பார்ப்பவர் யார், எத்தனை மணிக்குத் திரும்புவாய், அஸ்ரை எங்கே தொழுவாய் என்று கேளுங்கள். திரும்பி வந்தால் பையில் இருப்பது என்ன என்றும் கேளுங்கள். இளைஞர்களே! மறைவிடத்தை மறைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி இறங்குங்கள். தோழரின் மூச்சைக் காத்துக் கொள்ளுங்கள். தேவைக்கு மட்டும் பிடியுங்கள். கப்பலில் உள்ளதைக் கப்பலிலேயே விட்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைத் தரையிலும் கடலிலும் பாதுகாப்பாயாக! நீரில் மூழ்கி உன்னிடம் மீண்டவர்களை ஷுஹதாக்களுடன் சேர்ப்பாயாக! அவர்களை இழந்து தவிக்கும் பெற்றோருக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக! எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் அனைத்தையும் பேணுவோராக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.